சில்க்கி கோழி: மருந்தைத் தேடும் முன் இறகை விலக்கிப் பாருங்கள்

சில்க்கி வளர்ப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "என்ன மருந்து கொடுக்கலாம்?" என்பதுதான். "கையில் எடுத்து இறகை விலக்கிப் பார்த்தீர்களா?" என்று திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டார்கள். பஞ்சு உருண்டை போலத் தெரியும் இந்த அழகுதான் நோயையும் மறைக்கிறது, நோய்க்கு வழியும் விடுகிறது. தலைக்குஞ்சம் கண்ணை மூடுகிறது. பின்புற இறகு இனச்சேர்க்கையைத் தடுக்கிறது. கால் இறகு ஈரத்தைச் சுமக்கிறது. மற்றக் கோழியில் பத்தடி தூரத்திலேயே தெரிந்துவிடும் மெலிவு, சில்க்கியில் மார்பெலும்பைத் தடவிப் பார்க்கும்வரை தெரியாது.

ஆகவே கீழே எந்தத் தலைப்புக்குப் போவதானாலும், அதற்கு முன் சில வேலைகள் உண்டு. சுகமில்லாத கோழியைத் தனியே பிரியுங்கள். மார்பெலும்பு கத்தி முனையாகத் துருத்துகிறதா, காலையில் இரை எடுக்கும் முன் தீனிப்பை காலியாக இருக்கிறதா, தலைக்குஞ்சத்துக்கு அடியிலும் எச்சத்துவாரத்தைச் சுற்றியும் தோல் சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஓர் இரவு வெள்ளைத்தாள் விரித்த பெட்டியில் விட்டால் எச்சத்தின் நிறம் தெளிவாகத் தெரியும். கால்நடை மருத்துவரிடம் போக நேர்ந்தாலும் அவர் கேட்கப்போவது இவற்றைத்தான்.

## ஏழாம் நாள் வெளிச்சத்தில் முட்டை வெறுமையாகத் தெரிகிறது

இருட்டறையில் முட்டையின் அகன்ற முனையில் டார்ச்சை வைத்துப் பாருங்கள். கரு கூடிய முட்டையில் ஒரு கரும்புள்ளியும் அதிலிருந்து பிரியும் சிவந்த இரத்த நாளங்களும் தெரியும். சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் கரு கூடி, பிறகு செத்திருக்கிறது. அதற்கு அடுத்த தலைப்பைப் பாருங்கள். எதுவுமே இல்லாமல் மஞ்சளாக ஒளிர்ந்தால் இங்கே தொடருங்கள்.

முதல் சோதனை. அதே கூட்டில் இன்று இட்ட முட்டைகள் மூன்று நான்கை உடைத்துத் தட்டில் ஊற்றுங்கள். மஞ்சள்கருவின் மேல் ஒரு வெண்புள்ளி இருக்கும். அது ஓரம் ஒழுங்கான வளையமாக, சுமார் 4 மில்லிமீட்டர் அகலத்தில் இருந்தால் கரு கூடியிருக்கிறது. சிறியதாக, ஓரம் கலைந்து, அடர்ந்த வெள்ளைப் பொட்டாக இருந்தால் கூடவில்லை. புது முட்டையில் வளையம் இருந்தும் அடை வைத்தவை வெறுமையாகத் தெரிகின்றன என்றால், சேவலைக் குறை சொல்லாதீர்கள். முட்டை அதிக நாள் வைக்கப்பட்டது, வெயிலில் கிடந்தது, பயணத்தில் குலுங்கியது என்று பாருங்கள். கரு கண்ணுக்குத் தெரியும் முன்பே செத்திருக்கும்.

வளையம் இல்லை என்றால், அது சேவல்தானா? கேள்வி விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால் சில்க்கியில் நான்கு ஐந்து மாதம்வரை ஆண் பெண் பிரிப்பது அனுபவசாலிகளுக்கே கடினம். கூவுகிறதா, பெட்டையின் மேல் ஏறுகிறதா என்று காலையிலும் மாலையிலும் சிறிது நேரம் நின்று பாருங்கள்.

ஏறுகிறது, ஆனால் கரு கூடவில்லை என்றால், இறகு. சில்க்கி முட்டை வெறுமையாகப் போவதற்கு நான் அதிகம் கண்ட காரணம் இதுதான். சேவல், பெட்டை இரண்டுக்கும் எச்சத்துவாரத்தைச் சுற்றி இரண்டு மூன்று சென்டிமீட்டர் அளவுக்கு இறகைக் கத்தரியுங்கள். முனை மழுங்கிய கத்தரிக்கோல் வேண்டும். இன்னொருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். அடிப்பகுதி நீலம் பாய்ந்து தடித்திருக்கும் புது இறகில் இரத்தம் ஓடும், அதை விட்டுவிடுங்கள். பிடுங்க வேண்டாம். பிடுங்கிய இடத்தில் உடனே புது இறகு முளைக்கும்; கத்தரித்தது அடுத்த இறகுதிர்வு வரை அப்படியே இருக்கும். கண்காட்சிக்கு வைத்திருக்கும் கோழி என்று தயங்குபவர்கள் உண்டு. இனப்பெருக்கக் கூட்டில் இருக்கும் காலத்தில் கண்காட்சி அழகு தேவையில்லை என்பது என் தீர்மானமான கருத்து.

சேவலுக்குக் கண் தெரிகிறதா? பக்கவாட்டிலிருந்து மெதுவாகக் கையைக் கொண்டுபோங்கள். தொடும்வரை அசையாமல் இருந்து திடுக்கிட்டால் குஞ்சம் கண்ணை மறைக்கிறது. கண்ணைச் சுற்றிக் கத்தரியுங்கள், அல்லது மெல்லிய ரப்பர் வளையத்தால் மேலே தூக்கிக் கட்டுங்கள். கட்டினால் தினமும் அவிழ்த்துப் பார்க்க வேண்டும்.

கூட்டத்தின் அமைப்பு. ஒரு சேவலுக்கு ஐந்து முதல் எட்டுப் பெட்டை போதும். இரண்டு சேவல் ஒரே கூட்டில் இருந்தால், வலுவானது மற்றதை ஏறவிடாமல் விரட்டுவதிலேயே நாளைக் கழிக்கும். கடும் வெயில் நாட்களில் கரு கூடுவது குறையும். பகல் குறுகிய மாதங்களிலும் அப்படித்தான். காரணம் வானிலை என்றால் காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

தீவனமும் வயதும். சேவலும் வெறும் தானியத்தில் இருக்கக் கூடாது. முட்டையிடும் கோழிகளுக்கான சமச்சீர் தீவனமோ, கிடைத்தால் இனப்பெருக்கத் தீவனமோ கொடுங்கள். மூன்று வயதைத் தாண்டிய சேவல் என்றால் இளையது ஒன்றை விட்டுப் பாருங்கள். அப்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: பெட்டையின் உடலில் பழைய சேவலின் விந்து இரண்டு மூன்று வாரம் உயிரோடு இருக்கும். புதுச் சேவலின் வாரிசுதான் வேண்டும் என்றால் நான்கு வாரம் கழித்துச் சேகரித்த முட்டையை மட்டும் அடை வையுங்கள்.

மருத்துவரை அழைக்கும் கட்டம்: இறகு கத்தரித்து, தீவனம் மாற்றி, ஒரு மாதம் கழித்தும் வளையம் வரவில்லை என்றால், அல்லது கூட்டம் முழுவதும் தோல்முட்டையும் கோணல் முட்டையும் இடத் தொடங்கினால். இரண்டாவது நிலையில் தொற்று இருக்கலாம்.

## கரு கூடியது, குஞ்சு வரவில்லை

செத்த நாளை வைத்தே காரணத்தைப் பிடிக்கலாம். அதனால் பொரிக்காத முட்டைகளைத் தூக்கி எறியாமல் உடைத்துப் பாருங்கள். மணம் மோசமாக இருக்கும், திறந்த வெளியில் செய்யுங்கள்.

முதல் வாரத்தில் இரத்த வளையம். ஏழு நாளுக்கு மேல் சேமித்த முட்டையா என்று முதலில் பாருங்கள். பத்து நாளைத் தாண்டினால் பொரிப்பு வேகமாகக் குறையும். சேமிக்கும்போது கூர்முனை கீழே இருக்க வேண்டும். இடம் குளிர்ச்சியாக, 15 டிகிரி செல்சியஸை ஒட்டி இருப்பது நல்லது. அடுத்து வெப்பம். விசிறி உள்ள இன்குபேட்டரில் 37.5 டிகிரி, விசிறி இல்லாததில் முட்டையின் மேல்மட்டத்தில் அளந்தால் 38.3 முதல் 38.9 வரை. இன்குபேட்டரின் திரையை நம்பாதீர்கள். உடல் வெப்பம் பார்க்கும் மருத்துவத் தெர்மாமீட்டரை உள்ளே வைத்து ஒப்பிடுங்கள். அரை டிகிரிப் பிழைகூட மூன்று வாரத்தில் வேலையைக் காட்டிவிடும்.

கடைசி நாட்களில் ஓட்டுக்குள் சாவு. இதில் இரண்டு முகம் உண்டு. சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டி, காற்றறை (முட்டையின் அகன்ற முனையில் உள்ள காற்று இடைவெளி) பெரிதாக இருந்தால் ஈரப்பதம் போதவில்லை, அல்லது பொரிக்கும் நேரத்தில் மூடியைத் திறந்து திறந்து பார்த்திருக்கிறீர்கள். குஞ்சு வீங்கி, நீர் சொட்டும் நிலையில், காற்றறை சிறிதாக இருந்தால் முதல் 18 நாளில் ஈரப்பதம் மிகுந்துவிட்டது. முதல் 18 நாள் 45 முதல் 55 சதவீதம், பிறகு 65 முதல் 70 என்பது பொதுவான கணக்கு. ஆனால் இதைவிட நம்பகமானது தராசு: 18ஆம் நாளுக்குள் முட்டை தன் எடையில் 11 முதல் 13 சதவீதம் இழக்க வேண்டும். குறைவாக இழந்தால் தண்ணீரைக் குறையுங்கள், கூடுதலாக இழந்தால் சேருங்கள்.

ஈரப்பதமானியைச் சோதிக்கச் செலவே இல்லை. சமையல் உப்பைச் சிறிது நீரில் குழைத்து மூடியில் வைத்து, ஈரப்பதமானியோடு சேர்த்து இறுக்கமான பெட்டியில் மூடி எட்டு மணி நேரம் விடுங்கள். 75 காட்ட வேண்டும். எத்தனை விலகுகிறதோ அத்தனையைக் கூட்டியோ கழித்தோ படியுங்கள்.

பொரிப்பு முந்துகிறது அல்லது பிந்துகிறது. சில்க்கி முட்டை சிறியது என்பதால் 20ஆம் நாளே பொரிப்பது இயல்பு. 19க்கு முன்பே வந்து, தொப்புள் மூடாமல் இருந்தால் வெப்பம் அதிகம். 22, 23 என்று இழுத்துச் சோர்ந்த குஞ்சு வந்தால் வெப்பம் குறைவு.

ஓட்டில் துளையிட்டுவிட்டு நின்றுவிட்டது. துளையிட்டதிலிருந்து 24 மணி நேரம் கையை வைக்காதீர்கள். அந்த நேரத்தில் குஞ்சு மஞ்சள்கருவை உள்ளிழுத்துக்கொண்டு, சவ்வின் இரத்த நாளங்களை வற்றச் செய்கிறது. அதற்குப் பிறகும் அசைவில்லை, சவ்வு பழுப்பாகக் காய்ந்துவிட்டது என்றால் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் ஈரமாக்கி, ஓட்டைச் சிறிது சிறிதாக விலக்குங்கள். இரத்தம் கசிந்தால் உடனே நிறுத்தி மீண்டும் உள்ளே வையுங்கள்.

இவை அனைத்தும் சரியாக இருந்தும் ஒவ்வொரு தொகுதியிலும் பாதிக்கு மேல் செத்தால், கோழிகள் ஒரே வம்சத்துக்குள் திரும்பத் திரும்பச் சேர்க்கப்பட்டவையா என்று யோசியுங்கள். நெருங்கிய இரத்தத்தில் இனம் சேர்த்தால் முதலில் அடி வாங்குவது பொரிப்புத்திறன்தான். உறவில்லாத சேவல் ஒன்று தேவைப்படும்.

## அடைக்கோழி எழவே மறுக்கிறது

அடை என்பது சில்க்கியின் பிறவிக்குணம். அடியில் ஒன்றுமே இல்லாமலும் வாரக்கணக்கில் உட்காரும். நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் எழுந்து, தின்று, குடித்து, நாற்றமடிக்கும் பெரிய எச்சம் போட்டால் கவலை இல்லை. எழாவிட்டால் நீங்களே தூக்கித் தீவனத்தின் முன் விடுங்கள்.

முட்டை இல்லாமலோ, கூமுட்டை மேலோ உட்கார்ந்து மெலிந்தால் அடையைக் கலைக்க வேண்டும். கூளம் இல்லாத, அடிப்பக்கம் கம்பிவலையான கூண்டைச் சற்று உயரத்தில் வைத்து, தீவனமும் தண்ணீரும் கொடுத்து மூன்று முதல் ஐந்து நாள் விடுங்கள். வயிற்றுக்குக் கீழே காற்றுப்பட்டால் அடை தணியும். தண்ணீரில் முக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். சில்க்கியின் இறகு நீரை உதறாது, காய நெடுநேரமாகும்.

சில்க்கித் தாயின் கீழ் குஞ்சு விட்டால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தாயின் நீண்ட இறகு நார்கள் குஞ்சின் கழுத்திலோ காலிலோ சுற்றி இறுகுவது உண்டு. பொரிப்புக்கு முன் வயிற்றுப்பக்க இறகைக் கத்தரித்துவிட்டால் இந்த ஆபத்து இல்லை.

## கழுத்து முறுக்கிக்கொள்கிறது, தலை பின்னால் சாய்கிறது, பின்னோக்கி நடக்கிறது

சில்க்கி வளர்ப்பவர்களை அதிகம் கலங்கடிப்பது இந்த அறிகுறி. பலர் அன்றே கோழியைக் கைவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். மீண்டு வருபவை நிறைய.

கூட்டத்தில் ஒன்றுக்கு மேல் பாதிப்பா? முதல் கேள்வி இதுவே. சில நாட்களுக்குள் பல கோழிகள் சுருண்டு, பச்சை நிறக் கழிச்சலும் மூச்சிரைப்பும் சாவும் சேர்ந்தால் அது ராணிக்கெட் எனப்படும் வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். அதே கணத்தில் கால்நடை மருத்துவரை அழையுங்கள். எந்தக் கோழியையும் வெளியே கொண்டுபோகாதீர்கள், விற்காதீர்கள். கீழே உள்ளவை அதற்குப் பொருந்தாது.

ஒரே கோழிதான் என்றால், தலையில் அடி. குஞ்சம் பெரிதாக உள்ள பல சில்க்கிகளுக்கு மண்டையோடு மேலே புடைத்து, அங்கே எலும்பு முழுதாக மூடாமல் இருக்கும். மற்றக் கோழிக்குச் சாதாரணமான ஒரு கொத்து இதன் மூளையைப் பாதிக்கும். குஞ்சத்தை விலக்கி வீக்கம், காயம், காய்ந்த இரத்தம் தேடுங்கள். இந்தக் காரணத்தால்தான் சில்க்கியைக் கனமான, சண்டைக்குணமுள்ள இனங்களோடு சேர்த்து அடைக்கக் கூடாது என்கிறேன்.

காயம் இல்லை என்றால், சத்துக்குறை. வைட்டமின் ஈ, செலினியம், தயமின் எனப்படும் பி1 ஆகியவை குறைந்தால் இப்படி ஆகும். தீவனப் பையின் தேதியைப் பாருங்கள். பல மாதம் திறந்து கிடந்த, வெயில் பட்ட தீவனத்தில் வைட்டமின் ஈ சிதைந்திருக்கும். குஞ்சுகளுக்கு இரத்தக்கழிச்சலுக்காக ஆம்ப்ரோலியம் கொடுத்துக்கொண்டிருந்தீர்களா? அந்த மருந்து கிருமிக்குத் தயமின் கிடைக்காமல் தடுத்தே வேலை செய்கிறது. அளவோ நாளோ மிஞ்சினால் குஞ்சுக்கும் தயமின் குறையும்.

செய்ய வேண்டியது. மங்கலான, அமைதியான இடத்தில் சிறு பெட்டி. உடல் உருளாதபடி இருபுறமும் சுருட்டிய துணி. தினமும் வைட்டமின் ஈ, கூடவே பி கூட்டு வைட்டமின். அளவைக் கோழியின் எடையைச் சொல்லி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். செலினியத்தை மாத்திரையாகக் கொடுக்காதீர்கள், தேவைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி குறைவு. வேகவைத்த முட்டை மஞ்சளில் இருப்பதே போதும். மிக முக்கியம் தண்ணீர்: தலை நிமிராத கோழி தொட்டியில் குடிக்க முடியாது. அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள், தொண்டைக்குள் பாய்ச்சாதீர்கள். தெளியச் சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். தெளிந்த பின்னும் இரண்டு வாரம் வைட்டமினை நிறுத்த வேண்டாம்.

மருத்துவரை அழைக்கும் கட்டம்: மூன்று நாளில் சிறிதும் மாற்றமில்லை, வலிப்பு வருகிறது, விழுங்க முடியவில்லை, அல்லது காலும் சேர்ந்து செயலிழக்கிறது.

## காலை இழுக்கிறது

பொரித்த சில நாளில் கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்தால் தரை வழுக்குகிறது. செய்தித்தாளை எடுத்துவிட்டுச் சொரசொரப்பான துணி விரியுங்கள். கால்களை இயல்பான இடைவெளியில் மென்பட்டையால் இணைத்துச் சில நாள் விட்டால் நேராகும். விரல்கள் உள்நோக்கிச் சுருண்டால் ரைபோஃபிளேவின் எனப்படும் வைட்டமின் பி2 குறைவு. சீக்கிரம் கொடுத்தால் திரும்பும்.

வளர்ந்த கோழி நொண்டினால் கால் இறகை விலக்கிப் பாருங்கள். நூலோ முடியோ விரலில் சுற்றியிருக்கலாம். பாதத்தின் அடியில் கறுத்த பொருக்கோடு புண் இருக்கலாம். மற்றக் கோழிகளுக்கு இல்லாமல் சில்க்கிக்கு உள்ள ஐந்தாவது விரலின் நகம் தரையில் தேயாமல் வளைந்து சதையில் குத்திக்கொண்டிருக்கலாம்.

இவை எதுவும் இல்லாமல், இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட இளங்கோழி ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் நீட்டிக் கிடந்தால் மாரெக் என்ற வைரஸ் நோயைச் சந்தேகியுங்கள். சில்க்கிக்கு இந்த நோய் எளிதில் பிடிக்கும். சிகிச்சை கிடையாது. தடுப்பூசி பொரித்த நாளில் போட்டால்தான் பயன். அதுவும் நோயைத் தடுக்குமே தவிரக் கிருமி பரவுவதைத் தடுக்காது. கிருமி இறகுத்தூளில் பல மாதம் உயிரோடு இருக்கும். உறுதிப்படுத்த மருத்துவரிடம் போயே ஆக வேண்டும். அதுவரை உங்கள் கூட்டிலிருந்து யாருக்கும் கோழியோ குஞ்சோ கொடுக்காதீர்கள்.

## சொறிகிறது, இறகு ஒட்டிக்கிடக்கிறது, கால் செதில் தூக்குகிறது

எச்சத்துவாரத்தைச் சுற்றி இறகின் அடியில் வெள்ளைக் கட்டியாக ஈர் (பேன் முட்டை) ஒட்டியிருந்தால் பேன். பகலில் ஒன்றுமே தெரியாமல், கோழி வெளுத்து முட்டை குறைந்தால் இரவில் டார்ச்சோடு போய்க் கூட்டின் மர இடுக்குகளை வெள்ளைத்தாளால் துடைத்துப் பாருங்கள். சிவப்புக் கோடு விழுந்தால் செள். பேனுக்கு மருந்து கோழியின் மேல். இந்தச் செள்ளுக்குக் கூட்டின் இடுக்கில். இடம் மாற்றிப் போட்டால் இரண்டும் போகாது. ஈரிலிருந்து புதிது வரும் என்பதால் ஏழு முதல் பத்து நாளில் மறுமுறை செய்ய வேண்டும். கோழிக்கென அனுமதிக்கப்பட்ட மருந்தையே வாங்கி, முட்டையை எத்தனை நாள் தின்னக் கூடாது என்று மேலுறையில் படியுங்கள்.

கால் செதில் தூக்கிப் பொரிந்திருந்தால் அதுவும் ஒரு நுண்ணிய செள்தான், செதிலுக்கு அடியில் குடியிருக்கிறது. இறகு மூடிய கால் என்பதால் முற்றிய பிறகே கண்ணில் படும். வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்து, மென்மையான தூரிகையால் தேய்த்து, துடைத்து, பெட்ரோலியம் ஜெல்லியைத் தடிமனாகப் பூசுங்கள். செதிலைப் பிய்க்காதீர்கள். சில வாரங்கள் தொடர வேண்டும். மண்ணெண்ணெய் பூசச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தோலைப் பொசுக்கும், கூடவே கூடாது.

## கண்ணில் நீர்

குஞ்ச இறகு கண்ணில் குத்துகிறதா என்று பாருங்கள், கத்தரியுங்கள். உப்பு நீரால் கழுவுங்கள். பிறகு கூட்டுக்குள் கோழியின் உயரத்துக்குக் குனிந்து மூச்சிழுங்கள். மூக்கு எரிந்தால் கூளம் மாற்றும் நேரம் கடந்துவிட்டது. திறந்த தொட்டிக்குப் பதில் நிப்பிள் குடிநீர்க் குழாய் வைத்தால் தாடியும் குஞ்சமும் நனையாது. முகம் வீங்கி, நுரை தெரிந்து, துர்நாற்றமும் தும்மலும் சேர்ந்தால் தொற்று. மருத்துவர் சொல்லாமல் ஆன்டிபயாடிக் தொடங்காதீர்கள்.

## குஞ்சு குன்றி நிற்கிறது, எச்சத்தில் இரத்தம்

மூன்று முதல் ஆறு வார வயதில் இது இரத்தக்கழிச்சல் என்றே எடுத்துக்கொண்டு அன்றே மருந்து தொடங்குங்கள். ஒரு நாள் தாமதமும் குஞ்சைக் கொல்லும். அளவு மருந்துப் பொதியில் உள்ளபடியே இருக்கட்டும். மருந்து நாட்களில் தயமின் சேர்ந்த வைட்டமின் கொடுத்தால் ஆம்ப்ரோலியம் வலுவிழக்கும். அது முடிந்த பிறகு கொடுங்கள். ஈரக்கூளத்தை முழுதாக அகற்றுங்கள், அதை விட்டுவைத்தால் மருந்து நிறுத்தியதும் நோய் திரும்பும். இரண்டு நாளில் இரத்தம் நிற்காவிட்டால் எச்சத்தை ஒரு சிறு டப்பாவில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

## குஞ்சு சில்க்கி போலவே இல்லை

பொரித்த நாளில் எல்லாக் குஞ்சும் பஞ்சாகத்தான் இருக்கும். சில வாரத்தில் சிறகு முளைக்கும்போதுதான் இறகின் தன்மை தெரியும். பட்டிறகு ஒடுங்கு பண்பு, அதாவது தாய் தந்தை இரண்டிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும். வேறு இனத்தோடு கலந்தால் முதல் தலைமுறை முழுவதும் சாதாரண இறகோடு வரும். அவற்றைத் தமக்குள் சேர்த்தால் நான்கில் ஒன்று என்ற கணக்கில் பட்டிறகு திரும்பும். ஆகவே சில்க்கி இரண்டிலிருந்து கடின இறகுக் குஞ்சு வந்தால், வேறு இனச் சேவல் ஒன்று கூட்டுக்குள் வந்து போயிருக்கிறது. வேலியைப் பாருங்கள்.

நான்கு விரலோ, சில்க்கிக்குரிய கறுப்புக்குப் பதில் வெளிர்ந்த தோலோ வந்தால் அவ்வளவு எளிதில் சொல்ல முடியாது. ஐந்தாவது விரல் ஓங்கு பண்பாக இருந்தும் சில கோழிகளில் வெளிப்படாமல் போகும். அத்தகைய குஞ்சுக்கு நோய் எதுவும் இல்லை. வளையம் போட்டு அடையாளமிட்டு, இனப்பெருக்கக் கூட்டில் சேர்க்காமல் வளர்க்கலாம். அடைக்கு உட்கார அதுவும் குறையில்லாத கோழி.

## காரணம் தெரியாமல் ஒன்று செத்துவிட்டது

புதைக்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள். கையுறை போட்டு, பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, பனிக்கட்டியின் மேல் குளிர்ச்சியாக வையுங்கள். உறையவிட்டால் திசு கெட்டுப் பரிசோதனைக்கு உதவாது. 24 மணி நேரத்துக்குள் பிரேதப் பரிசோதனைக்குப் போய்ச் சேர வேண்டும். கோழியின் வயது, கடைசியாகப் போட்ட தடுப்பூசி, கொடுத்த மருந்துகள், கூட்டில் புதிதாகச் சேர்ந்த கோழி வந்த தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பையோடு கொடுத்தனுப்புங்கள்.